நெடுஞ்சாலைப் பழியை மண் தடத்தில் இறக்காதீர்கள்

மும்பை காட்கோபரில் தமிழர் வீடுகளில் ஏறக்குறைய ஒருமனதாக ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு, ஞாயிறு விடியுமுன் கூட்டாளிகளோடு டெம்போவில் டர்ட் பைக்கை ஏற்றிக்கொண்டு முர்பாட், ஷகாபூர் பக்கம் போய் மண்ணிலும் சேற்றிலும் பந்தயம் ஓட்டும் பையன்கள் உருப்பட மாட்டார்கள் என்பது அந்தத் தீர்ப்பு. காமராஜ் நகர்ச் சந்திலும் இதைக் கேட்கிறேன், பந்த் நகர் சொசைட்டிக் கூட்டத்திலும் கேட்கிறேன், செட்டா நகர் முருகன் கோயில் படியிலும் கேட்கிறேன். பெரியவர்கள் மட்டும் சொல்லவில்லை. அந்தப் பையன்களோடு ஒரே வகுப்பில் படித்து, இப்போது ஐ.டி. வேலையில் இருக்கும் இளைஞர்களும் இதையே சொல்கிறார்கள். தீர்ப்பு தவறு. அதனால் விளையும் கேடு, தீர்ப்புச் சொல்பவர்கள் அஞ்சுகிற கேட்டைவிடப் பெரிது.

எதிர்த்தரப்பைக் குறைத்துச் சொல்லி வெல்வதில் எனக்கு ஆர்வமில்லை. அவர்கள் சொல்வது இதுதான். இந்த விளையாட்டில் உயிருக்கு ஆபத்து. சம்பளத்தில் பெரும்பங்கு வண்டிக்கே போகிறது. ஒருமுறை பிடித்துவிட்டால் ஆளையே விழுங்கிவிடும். பேச்சு, தூக்கம், நட்பு எல்லாம் வண்டியாகிவிடும். பதக்கமோ, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையோ கிடைக்கப்போவதில்லை. இரவில் நெடுஞ்சாலையில் பந்தயம் விடும் கும்பலுக்கும் இவர்களுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. போதாததற்கு மலையையும் ஓடையையும் கெடுக்கிறார்கள். ஆக மொத்தம், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

இந்த அச்சம் வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வெறுங்கையோடு வந்து, ஒற்றைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பத்தில் ஓர் எலும்பு முறிவு என்பது சில மாத வாடகை. 2023 ஆகஸ்டில் சென்னைப் பந்தயத் தடத்தில், தேசியப் போட்டி ஒன்றின்போது, 13 வயதுப் பெங்களூர்ப் பையன் விழுந்து இறந்தான். அந்தச் செய்தியைப் படித்த தாய் தன் மகனின் வண்டிச் சாவியை ஒளித்துவைத்தால் அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் அச்சம் நியாயமானது. அந்த அச்சத்திலிருந்து அவள் போய்ச் சேரும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

1. நெடுஞ்சாலைப் பந்தயமும் மண் பந்தயமும் ஒன்றா? 

எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையில் நள்ளிரவுக்குப் பிறகு சைலன்சரைக் கழற்றிவிட்டு, ஹெல்மெட் இல்லாமல், பின்னால் ஒருவனை ஏற்றிக்கொண்டு சீறுகிறவனை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். முர்பாட் வயலில் ஓடுகிறவனைப் பெரும்பாலோர் பார்த்ததில்லை. பார்த்ததை வைத்துப் பார்க்காததற்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

சட்டம் இந்த இடத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு, மாநில அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வேகப் பந்தயம் விடுவதைத்தான் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறை பிடிபட்டால் மூன்று மாதம்வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய்வரை அபராதம். மறுபடி பிடிபட்டால் ஓராண்டுவரை சிறை அல்லது பத்தாயிரம். பொது இடம் என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. சாலையில் பந்தயம் விடுகிறவன், தன் ஆட்டத்துக்குச் சம்மதமே தராத ரிக்‌ஷாக்காரரையும், இரவுப் பணி முடித்துத் திரும்பும் நர்ஸையும், ரோட்டோரம் படுத்திருப்பவரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறான். வயலில் ஓட்டுகிறவன் தன்னையும், தெரிந்தே அங்கு வந்திருக்கும் கூட்டாளிகளையும் தவிர வேறு யாரையும் பணயம் வைப்பதில்லை. ஒழுக்கத்தின் கணக்கில் இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

நடைமுறையும் வேறு. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்தது. அவர்களில் 50,029 பேர் ஹெல்மெட் போடாமல் இருசக்கர வண்டியில் போனவர்கள். மண்ணில் ஓட்டும் குழுவில் ஹெல்மெட், மார்புக் கவசம், முழங்கால் காப்பு, கெண்டைக்காலை மூடும் பூட்ஸ் இல்லாதவனைத் தடத்துக்குள் விடுவதே கிடையாது. திருப்பத்துக்கு ஒருவர் கொடியோடு நிற்பார். மஞ்சள் கொடி ஆடினால் முன்னால் யாரோ விழுந்து கிடக்கிறார்கள் என்று பொருள். அந்த இடத்தில் முந்தவும் கூடாது, வண்டியைத் தாவவிடவும் கூடாது. மீறினால் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் இல்லை. இத்தனை கட்டுப்பாட்டோடு இருபது பேர் வண்டி ஓட்டுவதை நம் காட்கோபர் சாலைகளில் எங்கே பார்க்க முடியும்?

2. உயிருக்கு ஆபத்து என்பது உண்மை. அடுத்த கேள்வியை ஏன் கேட்கவில்லை? 

ஆபத்தை மறைப்பவர்கள் இந்த விளையாட்டின் நண்பர்கள் அல்ல. தாக்கர் என்ற நெடுந்தூரப் பாலைவனப் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ், 2021-இல் சவூதிப் பாலைவனத்தில் விழுந்து, மருத்துவர்கள் மருந்து கொடுத்து வைத்த ஆழ்மயக்கத்தில் ரியாத் மருத்துவமனையில் கிடந்தார். பிறகு மீண்டு வந்தார். நம் பையன்கள் ஓட்டுவது தாக்கர் இல்லை. ஒரு வயலின் அளவுள்ள தடத்தில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகமே பெரிய வேகம். அப்படியும் தோள் எலும்பு உடைகிறது, மணிக்கட்டு பிசகுகிறது. முதுகுத்தண்டில் அடிபட்டால் வாழ்க்கை மாறிவிடும். இதை எந்தப் பெற்றோரிடமும் மறைக்கக் கூடாது.

ஆனால் ஆபத்து உண்டு என்பதோடு யோசனையை நிறுத்திக்கொள்வது சோம்பேறித்தனம். வண்டியை விற்றபின் என்ன நடக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி. பத்தொன்பது வயதில் வேகத்தின் மேல் மோகம் கொண்ட ஒருவனிடமிருந்து டர்ட் பைக்கைப் பிடுங்கினால் அவன் கேரம் ஆட உட்காரப்போவதில்லை. தினமும் வேலைக்குப் போகும் அதே பைக்கில், இரவு ஒரு மணிக்கு, கொடி பிடிக்க ஆளில்லாத நெடுஞ்சாலைக்குப் போவான். வேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஓர் இடமும், கண்டிக்க ஒரு கூட்டமும் இருந்தவனை இடமும் கூட்டமும் இல்லாதவனாக ஆக்கிவிட்டு, காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதி அடைகிறோம். “ஏலே, அந்த வண்டிய வித்துத் தொலை” என்று சொல்லும் தகப்பனார் தன் மகனை எங்கே அனுப்புகிறார் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

மண்ணில் பழகியவனுக்குச் சாலையில் அசட்டுத் துணிச்சல் வந்துவிடும் என்றொரு எதிர்வாதமும் உண்டு. அதில் சாரம் இருக்கிறது. திறமை கூடியதாக நினைப்பவன் எச்சரிக்கையைக் குறைத்துக்கொள்வது மனித இயல்பு. அதற்கு மருந்து குழுவின் விதியில் இருக்கிறது. சாலையில் சாகசம் காட்டிப் பிடிபட்டவனை அடுத்த பந்தயத்துக்குச் சேர்ப்பதில்லை என்று உறுதியாக நிற்கும் குழுக்களை அறிவேன். வீட்டார் சொல்லிக் கேட்காதவன் இந்த மிரட்டலுக்கு அடங்குகிறான். அப்படி விதி வைக்காத குழுவில் உங்கள் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். அங்கே உங்கள் கோபத்துக்கு என் கையொப்பமும் உண்டு.

3. பணம் போகிறது என்கிறார்கள். எதில்தான் போகவில்லை? 

மாதத் தவணையில் விலை உயர்ந்த செல்போன் வாங்குபவனை வீட்டில் யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. நம் பக்கத்துப் பையன்களில் பெரும்பாலோர் ஓட்டுவது வெளிநாட்டுப் பந்தய வண்டி இல்லை. ஹீரோவின் இம்பல்ஸ், எக்ஸ்பல்ஸ் போன்றவை, அதுவும் இரண்டாம் கை. உதிரிபாகம் குர்லா சி.எஸ்.டி. சாலைப் பழைய கடைகளில் கிடைக்கிறது. டெம்போ வாடகையும் வயல்காரருக்குக் கொடுக்கும் பணமும் ஆளுக்கு இவ்வளவு என்று பிரிகிறது. கடன் வாங்கி, இறக்குமதி வண்டி எடுத்து, வீட்டுச் செலவுக்குக் கையை விரிப்பவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவன் செய்தது தவறு. அது கடன் வாங்கிய தவறு. கல்யாண மண்டபத்துக்குக் கடன் வாங்குபவன் செய்வதும் அதே தவறுதான்.

4. ஆளையே விழுங்குகிறதாம். விழுங்கட்டுமே! 

என் மறுப்பின் மையம் இது. ஒரு பொழுதுபோக்கு மனிதனை முழுதாக ஆட்கொள்வது நோயின் அறிகுறி என்று எப்போது முடிவு செய்தோம்? மார்கழியில் மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் கச்சேரி கச்சேரியாக அலைபவரை ரசிகர் என்று மதிக்கிறோம். மாரத்தானுக்காக ஆறு மாதம் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஓடுபவரின் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டுப் பாராட்டுகிறோம். அதே நான்கு மணிக்கு எழுந்து டெம்போ ஏறும் பையன் மட்டும் எப்படிப் பைத்தியக்காரன் ஆனான்? அவன் கை கிரீஸாகி இருப்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கிரீஸ் படிந்த கையைக் கண்டு முகம் சுளிக்கும் பழக்கம் நம் சமூகத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. நமக்குப் பக்கத்திலிருக்கும் குர்லாவில், எல்.பி.எஸ். சாலையில், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையிலிருந்துதான் மும்பையின் பத்மினி டாக்சிகள் வந்தன. அந்த ஆலை மூடி, அந்த நிலத்தில் இன்று கோஹினூர் சிட்டி நிற்கிறது. மஹிந்திரா ஜீப் பூட்டத் தொடங்கியதும் இந்த நகரின் மஜ்காவில்தான். வாடிக்கையாளர்களை ஜீப்போடு சயாத்ரி மலைப்பக்கம் அழைத்துப்போகும் ‘கிரேட் எஸ்கேப்’ நிகழ்ச்சியை அதே நிறுவனம் 1996-இல் தொடங்கியது. மண் பாதையில் வண்டி ஓட்டும் மோகம் இந்த நகரத்துக்கு நேற்று வந்ததல்ல. இந்த நகரத்தின் தொழிலோடு சேர்ந்து வளர்ந்தது.

ஞாயிறு ஓட்டம் இரண்டு மணி நேரம்தான். மீதி வாரம் முழுக்க நடப்பதை விமர்சிப்பவர்கள் பார்ப்பதே இல்லை. என் தங்கை மகனும் அவன் கூட்டாளிகளும் சந்து முனையில் வண்டியைச் சாய்த்துவைத்து ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி எண்ணெய் ஊற்றிப் பிழிவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தூசு உள்ளே போனாலும் பிஸ்டன் போய்விடும் என்று அவன் எனக்கு விளக்கினான். செயினின் தொய்வை விரலால் அளக்கிறார்கள், ஸ்ப்ராக்கெட்டின் பல் தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்கள், வளைந்த கிளட்ச் லீவரை நிமிர்த்துகிறார்கள், சேறு என்றால் டயரில் எவ்வளவு காற்றைக் குறைப்பது என்று மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். பொறியியல் கல்லூரியில் சஸ்பென்ஷன் பாடத்தை மனப்பாடம் செய்து தேறியவன், அதைத் தன் முழங்காலாலும் முதுகாலும் புரிந்துகொள்வது இங்கேதான். எதையாவது இவ்வளவு கவனமாக, யாரும் மதிப்பெண் போடாதபோதும், செய்யக் கற்றுக்கொண்டவன் வீணாய்ப் போனவன் என்றால், உருப்படுவது என்ற சொல்லுக்கு நாம் வைத்திருக்கும் அளவுகோலைத்தான் மாற்ற வேண்டும்.

நட்பையும் சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் அசல்பா மேட்டிலிருந்து வரும் முஸ்லிம் பையன் உண்டு, மராத்திக்காரர் உண்டு, குஜராத்தி வீட்டுப் பிள்ளை உண்டு. முன்னால் போகும் கூட்டாளி விழுந்து எழாமல் கிடந்தால், ஜெயித்துக்கொண்டிருப்பவனும் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். விழுந்தவனின் ஹெல்மெட்டை அவசரப்பட்டு இழுக்கக் கூடாது, கழுத்தை அசைக்கக் கூடாது, முதலில் மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை இவர்கள் ஒவ்வொருவரும் அறிவார்கள். சாலை விபத்தில் சுற்றி நின்று செல்போனில் படம் பிடிக்கும் கூட்டத்தில் இதைத் தெரிந்தவர் எத்தனை பேர்? விபத்தில் உதவிக்கு வருபவரைச் சட்டத் தொல்லையிலிருந்து காக்க 134-அ என்ற பிரிவையே 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்தார்கள். சட்டம் பாதுகாப்புத் தரலாம். கை நடுங்காமல் உதவும் பழக்கத்தை அதனால் தர முடியாது.

ஆளை விழுங்கிவிடும் என்ற குற்றச்சாட்டில் ஓர் உண்மை உண்டு, அதை இந்தப் பையன்களிடமே நேராகச் சொல்கிறேன். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கும் ஒருவன், வாரம் தவறாமல் ஞாயிறு முழுவதையும் எடுத்துக்கொண்டு போனால், அந்த ஞாயிற்றின் விலையைக் கொடுப்பவள் அவன் மனைவி. அவளுக்கும் ஒரு நாள் வேண்டும். இது வண்டிக்கு எதிரான வாதம் இல்லை என்று தப்பிக்கக் கூடாது. மாதம் இரண்டு ஞாயிறு வீட்டில் இருப்பதுதான் இதற்குப் பதில். ஆண்களுக்கு மட்டுமான ஆட்டம் என்று வைத்துக்கொள்வதும் தவறு. பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் பெண்கள் பிரிவில் எஃப்.ஐ.எம். பாஹா உலகக் கோப்பையை வென்றார். தங்கைகளையும் டெம்போவில் ஏற்றுங்கள்.

5. பதக்கம் எங்கே? 

இந்தக் கேள்விக்குச் சாதனையாளர் பட்டியலை நீட்டுவது எளிது. சந்தோஷ் 2015-இல் தாக்கரை 36-ஆவது இடத்தில் முடித்தார். ஷொர்ணூரைச் சேர்ந்த ஹாரித் நோவா 2024-இல் அதே பந்தயத்தில் ஒட்டுமொத்தமாக 11-ஆம் இடம் பிடித்து, தன் பிரிவில் முதலாவதாக வந்தார்; அப்போது அவரைத் தாங்கி நின்றது ஓசூரின் டி.வி.எஸ். பந்தயக் குழு. நம் பையன்களும் அப்படி வருவார்கள் என்று வாக்குக் கொடுக்க நான் தயாரில்லை. பெரும்பாலோர் வரமாட்டார்கள். வரவும் தேவையில்லை. வீட்டில் மாலையில் வீணை வாசிக்கும் பெண்ணிடம் எப்போது அகாதெமி மேடை ஏறுவாய் என்று கேட்பதில்லை. சான்றிதழாகவும் ஒதுக்கீட்டு இடமாகவும் மாறினால்தான் விளையாட்டுக்கு மதிப்பு என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடமிருந்து விளையாட்டையே பறித்துவிட்டது. பத்தாம் வகுப்பு வந்ததும் மட்டையை மேலே தூக்கிவைத்த எத்தனை வீடுகள் நம் தெருவில்!

6. மலையையும் ஓடையையும் கெடுக்கிறார்கள். 

ஆறில் வலிமையானது இதுதான். இங்கே பாதி வழக்கை ஒப்புக்கொள்கிறேன். 2023 டிசம்பரில் லாகுலில் சந்திரா ஆற்றுக்குள் தார் ஜீப்பை இறக்கி ஓட்டியவருக்குப் போலீஸ் அபராதம் போட்டது, சரியான காரியம். சாத்தாராவின் காஸ் பீடபூமி யுனெஸ்கோ உலக மரபு இடமான மேற்குத் தொடர்ச்சி மலைத் தொகுதியில் ஒன்று. அங்கே பாறை மேல் விரல் ஆழ மண்ணில் பூச்செடிகள் பிழைத்திருக்கின்றன; ஒரு சக்கரத் தடம் பதிந்தால் ஆண்டுக்கணக்கில் ஆறாது. தானேயின் ஏவூர் மலை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சேர்ந்தது, அங்கே சிறுத்தை வாழ்கிறது. இந்த இடங்களில் வண்டியை இறக்குபவன் என் நண்பனாக இருந்தாலும் போலீஸில் ஒப்படைப்பேன். ஓடும் நீர், காடு, பீடபூமி மூன்றும் இந்த விளையாட்டுக்குத் தீண்டக்கூடாத எல்லைகள். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

மீதிப் பாதியை மறுக்கிறேன். கொங்கண் பக்கத்து நெல் வயல் பெரும்பாலும் ஒருபோகம். அறுவடை முடிந்தால் அடுத்த மழை வரை காய்ந்து கிடக்கும். அதன் உரிமையாளரிடம் பேசி, பணம் கொடுத்து, கயிறு கட்டி, தடம் போட்டு, முடிந்ததும் மண்ணை நிரவிக் குப்பையை அள்ளிக்கொண்டு வருபவர்கள் எந்த மலையைக் கெடுத்தார்கள்? மூடிப்போன கல்குவாரிகள் மும்பையைச் சுற்றி இருக்கின்றன. அவற்றில் கெடுக்க இனி எதுவும் மிச்சமில்லை. ஆற்றில் இறங்கி ரீல்ஸ் எடுத்தவனின் பாவத்தை வயலில் ஓட்டுபவன் தலையில் கட்டுவது, முதல் வாதத்தில் நெடுஞ்சாலைக்காரனை வைத்துச் செய்த அதே பிழை.

ஆறு குற்றச்சாட்டுகளையும் பார்த்துவிட்டோம். நியாயமானவை எல்லாம் இடத்தையும் விதியையும் பற்றியவை. விளையாட்டைத் தொடுபவை எதுவும் நிற்கவில்லை. அப்படியானால் இடத்தையும் விதியையும் கொடுக்க வேண்டியவர்கள் யார்? ஈஸ்டர்ன் ஃப்ரீவேயைக் காட்கோபரிலிருந்து தானே வரை நீட்ட அரசுக்கு நிலமும் பணமும் கிடைக்கின்றன. கிழக்குப் புறநகரில் ஓர் ஏக்கர் மண் தடத்துக்கு யாரும் வாயைத் திறந்ததில்லை. இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தன் போட்டிகளுக்கு உரிமம், மருத்துவத் தகுதிச் சான்று, வண்டிச் சோதனை, ஆம்புலன்ஸ் என்று விதி வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் குழுக்கள் அந்த விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பதினெட்டு வயது ஆகாதவரைப் பந்தயத்தில் இறக்குவதில்லை என்ற விதியைத் தாங்களே சேர்க்கலாம், சேர்க்க வேண்டும்.

மும்பைத் தமிழ்ச் சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் என் வேண்டுகோள் நேரடியானது. ஆண்டு விழாவில் கயிறிழுப்புக்கும் கோலப் போட்டிக்கும் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கை இந்தப் பையன்கள் பக்கம் திருப்புங்கள். வரும் ஜனவரி, பிப்ரவரியில், வயல் காய்ந்திருக்கும்போது, மாதம் ஒரு ஞாயிறு ஒரு வயலுக்கான வாடகையையும் ஓர் ஆம்புலன்ஸையும் ஒரு டாக்டரையும் ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோரே, அந்த ஞாயிறு டெம்போவில் உங்களுக்கும் இடம் இருக்கும். ஒரு திருப்பத்தில் மஞ்சள் கொடியோடு நிற்க எப்போதும் ஆள் தேவைப்படுகிறது. வந்து நில்லுங்கள்.